இடது பக்க மட்கார்டு

உட்காருங்கள் அக்கா. அதை இன்னும் மடியிலேயே வைத்திருக்க வேண்டாம். கம்பத்திலிருந்து பஸ்ஸில் இப்படியேதான் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்திருப்பீர்கள், கை மரத்துப் போயிருக்கும். அந்தச் சுவரோரம் சாய்த்து வையுங்கள். போர்வையைப் பிரிக்க வேண்டாம், இப்போது பிரிக்க வேண்டாம். பாப்பா தொட்டிலில் கிடக்கிறாள். பைபர் தூசி கண்ணுக்கே தெரியாது, ஆனால் பட்ட இடமெல்லாம் அரிக்கும். இந்த வேலை செய்கிற அன்று குளித்து, துணி மாற்றி, தலைக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் நான் அவளைத் தூக்கிப் பால் கொடுப்பது. அதுவரைக்கும் அழுதாலும் அழட்டும் என்று விட்டுவிடுவேன். பெற்றவள் செய்கிற காரியமா என்று தெருவில் பேசுகிறார்கள். பேசட்டும்.

கண்டக்டர் இதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டாரா? கேட்டிருப்பார். ஜீப் மட்கார்டைப் போர்வையில் சுற்றினால் பாதி ஆள் உயரம் இருக்கிறதே.

நான் ஒட்டிக் கொடுப்பது நன்றாக நிற்கிறது என்று யாராவது சொல்லித்தான் வந்திருப்பீர்கள். நிற்கும் அக்கா, அதில் சந்தேகம் வேண்டாம். பைபர் மட்கார்டு உடைந்தால் இங்கே ஜீப் ஸ்டாண்டில் எல்லோரும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஒரு காலத்தில். ஒரு காலம் என்ன, போன மழைக்கு முன்னால் வரைக்கும். இப்போது வருவதில்லை. அதனால்தான், யார் வந்தாலும் முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு அப்புறமும் ஒட்டு என்று சொன்னால் டப்பாவைத் திறப்பேன். நீங்களும் கேளுங்கள். உங்கள் பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதல்லவா?

உங்கள் வீட்டுக்காரரும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறவர்தானே. நீங்கள் கம்பம் மெட்டு வழி, நாங்கள் போடிமெட்டு வழி. மற்றபடி எல்லாம் ஒன்றுதான். விடிகிற நேரத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலே கேரளாவில் கொண்டுபோய் விட வேண்டும், சாயங்காலம் திரும்ப இறக்கிக் கொண்டுவர வேண்டும். எங்கள் வண்டி எனக்கு மூத்தது என்று அவர் கேலி செய்வார். அவர் என்றால் என் வீட்டுக்காரர், பிரிட்டோ. வண்டிக்கு நெற்றியில் மாதா துணை என்று எழுதியிருக்கிறது, அதை எழுதினது நான்தான். கல்யாணம் ஆன புதிதில் எழுதினேன். கான்வென்டில் எனக்கு டிராயிங் நன்றாக வரும்.

அந்த வண்டியின் இரும்பு மட்கார்டுகள் மேலே பனியிலும் சாரலிலும் அரித்து, சல்லடை மாதிரி ஆகிவிட்டன. பைபரில் வாங்கி மாட்டினார். துருப்பிடிக்காது, லேசு என்றார். எல்லாம் சரி. ஆனால் ஜீப் மட்கார்டு மேல் பக்கம் தட்டையாக இருக்கும் பாருங்கள். அதைப் பார்த்தால் நம் ஜனங்களுக்கு உட்காரத்தான் தோன்றும். இரும்பாக இருந்தபோதே அது ஸீட்டுதான். உள்ளே நிறைந்த பிறகு வருகிறவர்கள் முன்னால் ஏறி, மட்கார்டில் உட்கார்ந்து, ஒரு கையால் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார்கள். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொள்வார்கள். கால் தொங்கும். அப்படியேதான் அத்தனை வளைவும் ஏறுவார்கள். பைபர் மாட்டின பிறகும் அதே மாதிரி உட்கார்ந்தார்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு நாள் சத்தம் கேட்டிருக்கிறது. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்திருக்கிறார். இடது பக்க மட்கார்டில், விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிற போல்ட்டிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி மேலே வந்திருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து ஒரே பேச்சுதான்.

"இந்தா, யாரும் மக்காட்டுல உக்காரக் கூடாது. கீறல் விட்டுருக்கு. ஒடஞ்சு டயருக்குள்ள போச்சுன்னா அம்புட்டுப் பேரும் பள்ளத்துலதான்."

பெண்களும் கேட்டுக்கொண்டார்கள். காமுத்தாய் மட்டும் சும்மா விடவில்லை. அவள் எங்களுக்குப் பின்தெரு. என் வயதுதான் இருக்கும், வாய் மட்டும் வயதுக்கு மீறியது. அந்த இடது மட்கார்டு அவளுடைய இடம். யாராவது முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டால் இடுப்பில் கிள்ளி இறக்கிவிடுவாள்.

"சரிண்ணே. ஒங்க மக்காட்ட நீங்களே தலைல கவுத்திக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே நாலு பேர் மடியில் போய் விழுந்தாளாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவர் வந்து சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த விரிசலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பாப்பா பிறந்த பிறகு எனக்கு இப்படி ஆகிவிட்டது அக்கா. ஃபேன் சுற்றினால் கழன்று விழுமோ என்று பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்புச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். மரப்பாலத்தில் ரெண்டு குழந்தைகள் நடந்து போகும், பின்னால் காவல் சம்மனசு, இறக்கை வைத்த தேவதூதர், ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கும். எல்லோரும் சம்மனசைப் பார்ப்பார்கள். நான் பாலத்தில் பலகை உடைந்த இடத்தைத்தான் பார்ப்பேன். சிஸ்டர் கூடக் கேட்டிருக்கிறார்கள், ஏன் ஜெனிட்டா இந்தப் படத்தைப் பார்த்தால் உனக்கு முகம் இப்படிப் போகிறது என்று.

சாயங்காலம் வண்டி வந்து நின்றதும் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக மட்கார்டிடம்தான் போவேன். விரிசல் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பேன். அவர், "நான் வந்துட்டேன், என்னயப் பாக்க ஆளில்ல" என்பார். ஒரு நாள் விரிசலின் முனையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். அதற்கப்புறம் பார்த்தால் விரிசல் புள்ளியைத் தாண்டிப் போயிருந்தது. இனி எனக்குத் தூக்கம் வருமா? ஒட்டுங்கள், ஒட்டுங்கள் என்று அவர் உயிரை எடுத்தேன்.

அவரும் ஒட்டினார். தண்ணீர்க் குழாய் ஒழுகினால் வைக்கிற பிசினை மேலாக, பெயிண்டு மேலேயே அப்பி வைத்தார். ரெண்டு தடவை மலை ஏறி இறங்கியதும் ஆறின புண்ணில் பொருக்கு உதிர்கிற மாதிரி உதிர்ந்துவிட்டது. அப்புறம் ரெசின் டப்பாவும், அதை இறுக வைக்கிற ஹார்ட்னரும், கண்ணாடி நூல் பாயும் வாங்கி வந்தார். ஹார்ட்னரை, ரசத்துக்குப் பெருங்காயம் போடுகிற மாதிரி ஒரு குத்துமதிப்பாக ஊற்றினார். கொட்டாங்கச்சியிலேயே கொதித்து, புகைந்து, கல்லாகிவிட்டது. தூக்கித் தெருவில் போட்டார்.

"டப்பா பூரா இங்கிலீசுல என்னமோ எழுதிருக்கு. நீதான் கான்வென்ட்டாச்சே, படிச்சுச் சொல்லு."

படித்தேன். படித்துச் சொல்வதற்குப் பதிலாக நானே செய்துவிட்டேன். அவருக்குப் பொறுமை கிடையாது அக்கா, இது பொறுமைக்காரர்கள் வேலை. விரிசலின் முனையில் சின்னதாக ஒரு ஓட்டை போட்டால் அது அதற்கு மேல் ஓடாது. மட்கார்டைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் பெயிண்டே இல்லாமல் போகும்வரை உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்க வேண்டும். பாப்பாவின் சொட்டு மருந்துப் பாட்டிலோடு வந்த குழாயில் ஹார்ட்னரை அளந்து ஊற்றினேன், அப்புறம் அந்தக் குழாயைக் குழிதோண்டிப் புதைத்தேன், பயத்தில். பாயை வெட்டி வைத்து, பிரஷ்ஷால் இழுக்காமல் குத்திக் குத்தி நனைக்க வேண்டும். வெள்ளையாக இருக்கிற பாய் ரெசின் ஊறினதும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். வெள்ளை தெரிந்தால் அங்கே காற்று இருக்கிறது என்று அர்த்தம். நான் வெள்ளையே விடவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகப் பாயை வைத்து, காய்ந்த பிறகு மேலே பட்டி பூசி, தேய்த்து, பச்சைப் பெயிண்டு அடித்தேன். எங்கே உடைந்தது என்று அவருக்கே தெரியவில்லை. விரல் முட்டியால் தட்டினால் டங்கென்று சத்தம் வந்தது. அதற்கு முன்னால் பொத்தென்றுதான் கேட்கும்.

மாட்டினதும் தெருவில் எல்லோர் முன்னாலும் அதன் மேல் ஏறி நின்று குதித்தார். எதிர் வீட்டுக்காரர், "என்ன மாப்ள, இரும்பா?" என்று கேட்டார்.

"இரும்பெல்லாம் இதுக்கிட்ட நிக்குமாய்யா. எம் பொண்டாட்டி ஒட்டுனது."

அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? கல்யாணமாகி வந்த பிறகு நான் படித்தது ஒன்றுக்காவது உதவினது அன்றைக்குத்தான். அதைப் பார்த்துத்தான் மற்ற வண்டிக்காரர்களும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். பாப்பா பிறந்த பிறகு முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் விடிந்ததும் பால் வாங்கப் போகிறேன். ஸ்டாண்டு முனையில் எங்கள் வண்டி திரும்புகிறது. இடது மட்கார்டில் காமுத்தாய். அவளை ஒட்டி இன்னொருத்தி. முன்பெல்லாம் ஒருத்திதான் உட்காருவாள், இப்போது ரெண்டு பேர். காமுத்தாய் என்னைப் பார்த்துவிட்டாள். நான் இங்கிலீஷ் படிப்பேன் என்று என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள்.

"டீச்சர், ஒங்க கைவேலை மேலதான் உக்காந்துருக்கேன். மெத்தை கணக்கா இருக்கு."

நான் ஓடிப்போய் அவர் பக்கம் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர்களை இறங்கச் சொல்லுங்கள் என்றேன். அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"நீ ஒட்டுனதுதான? நீயே நம்பலேன்னா எப்புடி ஜெனி?"

வண்டி போய்விட்டது. பால் பாத்திரத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். விரிசல் இருந்தவரைக்கும் மட்கார்டு காலியாக இருந்தது. நான் ஒட்டினேன், ஆள் ஏறிவிட்டது. அப்படியானால் நான் நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா, நீங்களே சொல்லுங்கள். நான் நல்லதுதானே செய்தேன்?

வீட்டில் சொல்லிப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். அவர் கோபக்காரர் இல்லை அக்கா, நல்லவர். குடிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் இருக்க மாட்டார். யாரையும் இல்லை என்று சொல்ல அவருக்கு வராது, அவ்வளவுதான்.

"ஏறி உக்காந்துட்டாளுகன்னா எறங்குன்னு எப்புடிச் சொல்ல? விட்டுட்டுப் போனா அன்னைக்குக் கூலி போச்சு அவளுகளுக்கு. மறுநா வந்து எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிப்பாளுக. நீ வந்து நின்னு சொல்லு பாப்பம்."

சரியென்று நானே காமுத்தாயிடம் போய்ச் சொன்னேன். தண்ணீர்க் குழாயடியில் பிடித்து, நீ இனிமேல் முன்னால் உட்காராதே, விழுந்தால் என்ன ஆகும் என்று சொன்னேன். குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பச் சரி டீச்சர். நாளைக்கு எனக்குப் பதிலா நீங்க போயி ஏலக்கா பறிங்க. நான் ஒங்க வீட்டுல ஃபேனுக்கு அடியில ஒங்க பாப்பாவ ஆட்டிக்கிட்டு உக்காந்துருக்கேன். சம்மதமா?"

குடத்தை நான்தான் தூக்கி அவள் இடுப்பில் வைத்தேன்.

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. இப்போது நினைத்தாலும் அது ஒன்றும் தப்பான யோசனையாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸுக்குக் குடில் வைப்போம். பழுப்புக் காகிதத்தைக் கசக்கிப் பாறை செய்வோம். அந்தப் பாறைக்கு வெடிப்பு வரைகிறது ஒவ்வொரு வருஷமும் நான்தான். தூரத்தில் நின்று பார்த்தால் நிஜமாகவே பிளந்த மாதிரி இருக்கும். மதர் வந்து கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள் ஒரு தடவை.

வண்டி வீட்டில் நின்ற ஒரு மத்தியானம், அவர் தூங்கும்போது, மெல்லிசு பிரஷ்ஷில் கருப்புப் பெயிண்டைத் தொட்டு, பழைய விரிசல் எங்கே இருந்ததோ அதே இடத்தில் வரைந்தேன். எனக்கு அதன் ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். போல்ட்டில் ஆரம்பித்து, கொஞ்சம் நெளிந்து, ரெண்டாகப் பிரிந்து. பிரிகிற இடத்தில் முடி மாதிரி ரெண்டு மூன்று கோடு. காய்ந்ததும் ஈர மண்ணைத் தொட்டுத் தேய்த்துவிட்டேன், ரொம்ப நாள் விரிசல் மாதிரி அழுக்கேற. எழுந்து நின்று பார்த்தபோது எனக்கே திக்கென்றது.

சாயங்காலம் பார்த்துவிட்டார். "மறுபடியுமா?" என்று உட்கார்ந்துவிட்டார். அடியில் கையை விட்டுத் தடவினார். "அடியில நல்லாத்தான இருக்கு."

"உள்ளுக்குள்ள விட்டிருக்கும்" என்றேன். டப்பாவில் இங்கிலீஷில் அப்படிப் போட்டிருக்கிறது என்றும் சொன்னேன். போடவில்லை.

அவர் நம்பிவிட்டார். மறுநாளிலிருந்து பழையபடி ஸ்டாண்டில் அதே சத்தம், யாரும் மக்காட்டுல உக்காரக் கூடாது. யாரும் உட்காரவில்லை. காலையில் பால் வாங்கும் சாக்கில் தினமும் போய்ப் பார்ப்பேன். வண்டி திரும்பும், ரெண்டு மட்கார்டும் காலியாக, சுத்தமாக, வெயில் பட்டு மின்னிக்கொண்டு போகும். எனக்கு வயிறு நிறைந்துவிடும். பால் கூட நன்றாகச் சுரந்தது, பாப்பாவுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. பார்க்கிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

இல்லை அக்கா, நான் கேட்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உள்ளே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். வண்டி முனை திரும்பினதும் நான் திரும்பிவிடுவேன், பால்காரர் காத்திருப்பார். வண்டியின் பின்பக்கத்தை எதற்குப் பார்க்கப் போகிறேன்?

மழை ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் இறங்கி வருகிறார்கள். காமுத்தாய் பின்னால் இரும்புப் படியில் நின்றுகொண்டு மேல்கம்பியைப் பிடித்திருக்கிறாள். நாள் முழுக்கக் குனிந்து பறித்த உடம்பு, கண் சொருகியிருக்கும். ஒரு வளைவில் கை நழுவிவிட்டது. முன்னால் ஓட்டுகிறவருக்குத் தெரியவில்லை. உள்ளே இருந்தவர்கள் தகரத்தைத் தட்டியிருக்கிறார்கள். மழைச் சத்தத்தில் அதுவும் கேட்கவில்லை. அடுத்த வளைவும் தாண்டித்தான் நிறுத்தியிருக்கிறார். பின்னால் வந்த பஸ்காரர் பிரேக் போட்டதால் உயிர் இருக்கிறது. தொடை எலும்பு ரெண்டு இடத்தில் போய்விட்டது, இடுப்பும். தேனி பெரியாஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். நடப்பாள் என்கிறார்கள். மலை ஏற முடியாது, குனிந்து பறிக்கவும் முடியாது.

அவர் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தார். வண்டி வீட்டில் நின்றது. நான் பிரட்டும் பழமும் வாங்கிக்கொண்டு பாப்பாவோடு பார்க்கப் போனேன். காமுத்தாய் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தாள். என்னைப் பார்த்ததும் அப்போதும் வாய் சும்மா இல்லை. "வாங்க டீச்சர். இப்ப ஃபேனுக்கு அடியிலதான் படுத்துருக்கேன், பாத்துக்கங்க" என்றாள்.

நான் ஆறுதலாகத்தான் சொன்னேன். நல்ல வேளை காமு, மட்கார்டிலிருந்து விழுந்திருந்தால் டயருக்குள்ளே போயிருப்பாய், மாதாதான் காப்பாற்றினார்கள் என்று.

அவள் முகட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"மக்காட்டுல உக்காந்துருந்தா அண்ணே கண்ணு முன்னால இருப்பேன் டீச்சர். கொஞ்சம் கண்ணச் சொருகுனாப் போதும், ஏ காமுன்னு ஒரு அதட்டுப் போடுவாரு. வெடுக்குன்னு முழிச்சுக்குவேன். பின்னால தொங்குறவள எவன் பாக்கான்?"

அடிபட்டுக் கிடக்கிறவளிடம் போய் என்ன வாதம்? வலியில் எதையாவது சொல்வார்கள். பாப்பா அவள் கட்டைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள், அதனால் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

வண்டி சும்மா நின்ற நாளில் அவருக்குக் கை சும்மா இருக்காது. கழுவினார். கழுவிக்கொண்டே வந்தவர் மட்கார்டைத் தட்டினார். டங். இன்னொரு தடவை தட்டினார். எனக்கு உள்ளே சமையலறையில் கேட்டது. ஒட்டினது அவ்வளவு நன்றாக இருந்தது பாருங்கள், அதுதான் காட்டிக் கொடுத்தது. பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்துத் துடைத்திருக்கிறார். விரிசல் துணியோடு வந்துவிட்டது.

அந்தத் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அடிக்கப் போகிறார் என்று பாப்பாவைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டேன். அடிக்கவில்லை. அவர் அடிக்கிறவர் இல்லை என்றுதான் சொன்னேனே.

"இது என்ன ஜெனி?"

"பயமாருந்துச்சு."

"நாந்தான் அவளப் பின்னாடி ஏறச் சொன்னேன்" என்றார். "அவ முன்னாடிதான் ஏற வந்தா. கீறல் விட்டுருக்கு தாயி, வேணாம், பின்னாடிப் படியில நின்னுக்கன்னு நாந்தான் கையக் காமிச்சேன்."

இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். சாப்பிடும்போது சொல்கிறார். தூக்கத்தில் சொல்கிறார். நான் என்ன செய்ய அக்கா? நான் பின்னால் ஏறச் சொல்லவில்லையே. முன்னால் உட்கார வேண்டாம் என்றுதானே நினைத்தேன். நான் ஒட்டின மட்கார்டிலிருந்து இன்றைக்கு வரைக்கும் ஒருத்தர் விழுந்தது கிடையாது. அதையாவது யோசிக்க வேண்டாமா?

அவர் மனசு தாங்காமல் ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அன்றையிலிருந்து அந்த ஆண்கள் என்னைப் பார்த்தால் ஒரு மாதிரிப் பேசுகிறார்கள். "டீச்சரம்மா, என் வண்டிக்கு ஒரு பஞ்சர் வரைஞ்சு குடுங்களேன்." "எம் பொண்டாட்டி வாய்க்கு ஒரு பூட்டு வரைஞ்சு குடுங்க." இப்படி. ஒட்டுவதற்கும் கொண்டுவருவதில்லை.

இப்போது வண்டி மறுபடியும் ஓடுகிறது. மட்கார்டில் விரிசல் இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது, அதனால் ரெண்டு பக்கமும் உட்காருகிறார்கள். அவரும் ஏற்றுகிறார், கண் முன்னால் இருக்கட்டும் என்கிறார். ஆனால் பின்னால் படியில் நிற்பது பழகிவிட்டது அல்லவா, அதையும் யாரும் விடவில்லை. முன்னாலும் உட்காருகிறார்கள், பின்னாலும் நிற்கிறார்கள். காமுத்தாய்க்குப் பதில் அவள் நாத்தனார் வருகிறாள். அதே தூக்குவாளி. படியில்தான் நிற்கிறாள். இடம் கிடைத்ததே என்று நிற்கிறாள். நான் இப்போது பால் வாங்கப் போவதில்லை, பக்கத்து வீட்டுப் பையனிடம் பாத்திரத்தைக் கொடுத்துவிடுகிறேன். சாயங்காலம் ஹாரன் சத்தம் கேட்கிறவரைக்கும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இந்த அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பேன்.

அவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பது. நான் ஒட்டினால் பலமாக நிற்கும், பலமாக நின்றால் உங்கள் வீட்டுக்காரரும் ஆள் ஏற்றுவார். பிறகு என்னைச் சொல்லக் கூடாது. ஒட்டவா? கொடுங்கள், பாப்பாவுக்குப் பக்கத்தில் வேண்டாம், வாசலுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்க்கிறேன். விரிசல் எதுவரைக்கும் ஓடியிருக்கிறதோ.

இதில் எங்கே அக்கா விரிசல்?

வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டேன். அடியிலும் இல்லை, போல்ட் ஓட்டையிலும் இல்லை. தட்டினால் கணீரென்று கேட்கிறது. நல்ல மட்கார்டு. இதையா கம்பத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தீர்கள்?

என்ன சொன்னீர்கள்? விரிசல் வரைந்து தரவா?

யார் சொன்னார்கள் உங்களிடம்? உங்கள் வீட்டுக்காரர் ஸ்டாண்டில் கேட்டதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாரா? அவர் சிரிப்பதற்காகச் சொன்னது, நீங்கள் இதைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டீர்கள். அவர் ஊரில் இல்லையா இன்றைக்கு? சரி, சரி. அழாதீர்கள். தண்ணீர் குடியுங்கள். நானும் இப்படித்தான் இருந்தேன்.

இனி வரைய மாட்டேன் என்று அவரிடம் பாப்பா தலையில் கை வைத்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது எங்கள் வண்டிக்குத்தான். உங்கள் வண்டிக்கு இல்லையே.

எந்தப் பக்கம் ஆள் உட்காருவார்கள், இடதா? அப்படியானால் போல்ட்டிலிருந்து ஆரம்பிக்கலாம், அங்கேதான் நிஜமாகவும் விடும். இந்தத் தடவை வெறும் பெயிண்டு இல்லை. கருப்பை ரெசினிலேயே கலந்து, ஊசியால் கீறி உள்ளே இறக்கிவிடுகிறேன். தின்னர் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தட்டிப் பார்க்கிற பழக்கம் இருக்கிறதா அவருக்கு? அடியில் கொஞ்சம் துணியை ஒட்டிவிட்டால் சத்தமும் மாறிவிடும். பாப்பாவை மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொள்ளுங்கள், உங்கள் கையில் தூசி இல்லை.

பின்னால் படியா?

உங்கள் வண்டியிலும் இருக்கிறதா? இரும்புப் படிதானே?

இரும்பில் எனக்கு வராது அக்கா. நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். துரு வரையலாம், ஆனால் துருவைப் பார்த்து யார் பயப்படுகிறார்கள்? உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.